நோயை நோயாளியிடமே மறைக்கலாமா? குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும், பல குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. அவரிடம் சொல்வதா, வேண்டாமா என்பதுதான் முதல் பேச்சு. பிள்ளைகள் சின்னப் பொய் சொன்னாலும் கண்டிக்கிற வீடுகள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒருமனதாகப் பொய் சொல்லத் துணிகின்றன. அதுவும் அன்பின் பெயரால். வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) பிரிவு ஒன்றில் குடும்பத்தாருடன் பேசும் பணியைச் செய்துவருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகளை மருத்துவரிடம்தான் பேச வேண்டும். வீட்டுக்குள் உண்மை பேசுவதைப் பற்றியே நான் சொல்ல முடியும்.

மருத்துவர் எங்களைத் தனியே அழைத்துத்தான் சொன்னார். அப்படியிருக்க, நோயாளியிடம் சொல்வது அவசியமா?

நம் மருத்துவமனைகளில் இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பயாப்சி என்ற திசுப் பரிசோதனையின் முடிவு வந்திருக்கும். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "கூட வந்தவங்க யாரு, உள்ள வாங்க" என்று குரல் வரும். மூத்த மகனோ மருமகனோ எழுந்து போவார். சற்று நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டிதானாம், மருந்துலயே கரைஞ்சிடுமாம்" என்பார். ஃபைல் அன்றிலிருந்து அவருடைய பைக்குள் போய்விடும். ஒருவருடைய உடலைப் பற்றிய செய்தி, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக மாறுவது இப்படித்தான்.

மருத்துவரையோ மகனையோ இதில் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே பெருங்கூட்டம் காத்திருக்கிறது. மகனுக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றியிருக்காது. ஆனாலும் என் விடை தெளிவானது. எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று அவரையே கேட்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. கேட்ட பிறகு "எனக்கு எதுவும் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அது அவர் எடுத்த முடிவு. கேட்காமலே நாம் எடுத்த முடிவை அவருடைய விருப்பம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

சொன்னால் மனம் ஒடிந்துபோவாரே? நோயைவிட அந்தச் சொல்லே அவரைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறோம்.

இந்தப் பயத்தை நான் ஒருபோதும் அலட்சியப்படுத்துவதில்லை. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஸ்வீடனில் 1991 முதல் 2006 வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலைக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 12 மடங்கு கூடியிருந்ததையும், மாரடைப்பு போன்ற காரணங்களால் நேரும் மரணமும் அதிகரித்திருந்ததையும் காட்டியது. மொத்த நோயாளிகளோடு ஒப்பிட்டால் இப்படி இறந்தவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனாலும் அந்த முதல் நாள்கள் ஆபத்தானவை என்பதை மறுப்பதற்கில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், செய்தி தெரிந்தவரைத் தனியாக விடக்கூடாது என்பது. மறைக்கப்பட்ட வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கும் அவர் ஒரு நாள் தெரிந்துகொள்கிறார், ஆனால் தனியாக, ஒரு மாத்திரை அட்டையிலிருந்தோ அடுத்த படுக்கைக்காரரின் பேச்சிலிருந்தோ. அப்போது அவர் அழுவதற்குத் தோள் கிடையாது, ஏனென்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதே யாருக்கும் தெரியாது. சொல்லப்பட்டவர் அழுகிறார், இரண்டு மூன்று நாள்கள் சாப்பிடாமல் இருக்கிறார், கோபப்படுகிறார், பிறகு பெரும்பாலும் "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வரும் வரை கூடவே இருப்பதுதான் குடும்பத்தின் வேலை. உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி அவர் பேசினால், அதை வெறும் விரக்திப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

எங்கள் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நிம்மதியாகத்தான் இருக்கிறார். அதை ஏன் கலைக்க வேண்டும்?

அவருக்கு எதுவும் தெரியாது என்பதை நான் எளிதில் நம்புவதில்லை. 1954இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையமாக இருந்தாலும் சரி, மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவாக இருந்தாலும் சரி, வாசலில் பலகை இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் காது இருக்கிறது. கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே "உங்களுக்கு எங்க?" என்பதுதான். ஒருவர் தொண்டை என்பார், ஒருவர் கர்ப்பப்பை என்பார், அடுத்ததாக எல்லோரும் உங்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். உடம்பில் மையால் கோடு போட்டு, சிகிச்சை முடியும்வரை அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கீமோ ஏறிய சில வாரங்களில் தலைமுடி கொத்தாகக் கையில் வருகிறது. இரண்டு வருடமாக எட்டிப்பார்க்காத மைத்துனர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, போகும்போது வாசலில் நின்று கண் கலங்குகிறார். சின்னக் கட்டிக்கு இதெல்லாம் நடக்காது என்பது எந்த மனிதருக்கும் தெரியும்.

1965இல் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், அமெரிக்க மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைச் சுற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கவனித்து, அதை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். நோயாளிக்கு ஒன்றும் தெரியாத நிலை. தெரியாமல் சந்தேகப்படும் நிலை. இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாததுபோல நடந்துகொள்ளும் நிலை. இருவரும் வெளிப்படையாகப் பேசும் நிலை. நம் வீடுகளில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது அந்த மூன்றாவது நிலையைத்தான். மகன் அப்பாவுக்காக நடிக்கிறார், அப்பா மகனுக்காக நடிக்கிறார். "பசங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்ட பெரியவர்கள் உண்டு. அந்தப் பசங்கள் அதற்குச் சற்று முன்புதான் தாழ்வாரத்தில் அதே சொற்களை என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் நிம்மதி என்று நினைப்பது அவர் உங்களுக்காக வைத்துக்கொண்ட முகமாக இருக்கலாம். அருகில் உட்கார்ந்து "உங்க உடம்பைப் பத்தி என்னப்பா நினைக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா?

இல்லை, ஒன்றாகாது, இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஸ்கேன் அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் கேட்காதவரிடம் போய் ஒப்பிப்பது நேர்மை ஆகாது. அது இரக்கமற்ற செயல். அவர் கேட்கும் அளவுக்கு, தாங்கும் வேகத்தில் சொல்வதும், மற்றதை நிறுத்திவைப்பதும் பொய்யில் சேராது. ஆனால் அவர் நேருக்கு நேர் "எனக்கு கேன்சரா?" என்று கேட்கும்போது "சேச்சே, யார் சொன்னது?" என்று சிரித்தால், அது பொய். முன்னதில், நாளை அவர் உண்மையை அறியும்போது நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிற்கும். பின்னதில், நீங்கள் அதுவரை சொன்ன எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். "வலி குறைஞ்சிடும்" என்று நீங்கள் மனதார நம்பிச் சொன்னதைக்கூட அவர் நம்பமாட்டார். நோயாளி யாரையாவது நம்பியே ஆக வேண்டிய நாள்களில் இது பெரிய இழப்பு.

எதையும் நிறுத்திவைக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பின்னாளில் அவர் "இதை ஏன் அன்னிக்கு என்கிட்ட சொல்லல?" என்று கேட்டால், முகத்தைப் பார்த்து ஒரு காரணம் சொல்ல முடியுமா? "நீங்க கேட்கல, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்பது சொல்லக்கூடிய காரணம்.

வள்ளுவரே நன்மை தரும் பொய்யை ஏற்கிறாரே?

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கு மெனின்" என்ற 292ஆம் குறளை இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் எடுக்காமல் இருப்பதில்லை. வள்ளுவர் வாசலைத் திறந்துவைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த வாசல் மிகக் குறுகலானது. குற்றமே கலவாத நன்மை விளைய வேண்டும் என்பது அவர் வைக்கும் நிபந்தனை. நோயை மறைக்கும்போது விளைவது அப்படிப்பட்ட நன்மையா? அவருடைய அழுகையைப் பார்க்க வேண்டியதில்லை, அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை என்ற நம்முடைய சௌகரியமும் அதில் கலந்திருக்கிறது. அதற்கு அவர் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. அடைக்க வேண்டிய கடன், பெயர் மாற்ற வேண்டிய வீடு, பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை வரவழைத்துப் பேச வேண்டிய ஆசை, குலதெய்வக் கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற நேர்ச்சை, இவை எல்லாம் காலம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நின்றுபோகின்றன.

கொலைவெறியோடு துரத்தி வருபவனிடம், அவனுக்குப் பயந்து ஒளிந்திருப்பவரின் இடத்தை மறைக்கலாமா என்ற பழைய கேள்விக்கு, அப்போதும் பொய் கூடாது என்று 1797இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் வாதிட்டார். என்னால் அவரோடு உடன்பட முடியாது. அங்கே இந்தக் குறள் எனக்குப் போதுமானது. ஆனால் அங்கே பொய் ஒரு கொலைகாரனுக்குச் சொல்லப்படுகிறது. இங்கே அது நம்மை நம்பியிருப்பவருக்கே சொல்லப்படுகிறது.

முன்பெல்லாம் மருத்துவர்களே மறைத்தார்களே? உண்மையைச் சொல்வது மேல்நாட்டு வழக்கம் இல்லையா?

மேல்நாட்டிலும் இது புதிய வழக்கம்தான். நம் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் மாணவ மருத்துவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில், நோயாளியின் ஆயுள் முடியப்போவது தெரிந்தாலும், அவருக்கோ பிறருக்கோ அதிர்ச்சி தரும் இடத்தில் அதைச் சொல்லக்கூடாது என்பதும் ஒன்று. கிரேக்கத்தின் பண்டைய மருத்துவர் ஹிப்பாகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலும் இதையொத்த அறிவுரை உண்டு. 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை என்றார்கள். அதே வினாக்களை வேறு மருத்துவர்களிடம் கேட்டு 1979இல் வெளியான ஆய்வில், 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்புவதாகத் தெரிவித்தார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அமெரிக்கர்களின் இதயம் கடினப்பட்டுவிடவில்லை. சிகிச்சைகள் முன்னேறின, நோயாளியின் ஒப்புதலைப் பற்றிய சட்டங்கள் வலுத்தன, அந்த நோயின் பெயரைச் சொல்லவே கூசிய நிலை மெல்ல மாறியது. ஜப்பானில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. 1989 ஜனவரியில் சிறுகுடற்புற்றால் இறந்த பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு, அவருடைய நோய் என்னவென்பது கடைசிவரை சொல்லப்படவில்லை. ஆகவே இதைக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதைவிட, எல்லா ஊர்களும் முன்பின்னாகக் கடந்துவரும் ஒரு மாற்றம் என்று பார்ப்பதே சரி.

மறைக்கப்பட்டவரின் தரப்பிலிருந்து ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923இல் வாயில் புற்று கண்டது. அவருடைய மருத்துவர் ஃபெலிக்ஸ் டாய்ச், அவர் தாங்கமாட்டார் என்று அஞ்சி, அதைச் சாதாரண வெண்படலம் என்று சொல்லிவைத்தார். உண்மை தெரிந்த பிறகு ஃப்ராய்டு கேட்டது, எந்த உரிமையில் மறைத்தீர்கள் என்பதைத்தான். சில ஆண்டுகள் கழித்து மாக்ஸ் ஷூர் என்பவரைத் தம் மருத்துவராக ஏற்கும்போது, எப்போதும் உண்மையையே சொல்ல வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்தார். 1939 செப்டம்பரில் லண்டனில் இறக்கும்வரை ஷூர்தான் அவருடன் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவர்களின் நடத்தைக்கான 2002ஆம் ஆண்டு விதிகள், நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன. நோயாளியோ உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ நிலைமையை அறிந்திருப்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் அதே விதி. குடும்பத்திடம் மட்டும் சொல்லும் வழக்கத்துக்கு அந்தச் சொற்கள் இடம்கொடுத்துவிடுகின்றன. ஆனால் சிகிச்சைக்கான ஒப்புதல் என்று வரும்போது உச்ச நீதிமன்றம் கறாராக இருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க நிலையில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயாரின் ஒப்புதலை மட்டும் பெற்று அகற்றியது செல்லாது என்று 2008 ஜனவரியில் அது தீர்ப்பளித்தது. சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உள்ள வயதுவந்தவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது என்பதே அதன் சாரம். தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவர், கீமோவுக்கான படிவத்தில் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. மீட்க முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் போன்றவை தனக்கு வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் செய்தால் போதும் என்றானது. தம் நிலையை அறியாதவருக்கு இந்த உரிமை இருந்தும் பயனில்லை.

சரி, சொல்ல முடிவெடுத்துவிட்டோம். எப்படிச் சொல்வது?

கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்து, இன்று பல நாடுகளிலும் கற்பிக்கப்படும் ஆறு படி முறை ஒன்று உண்டு. அதன் உயிர்நாடி, சொல்வதற்கு முன் கேட்பது. முதலில் இடத்தைப் பாருங்கள். வார்டின் நடுவில், நின்றுகொண்டு, கைப்பேசி ஒலித்துக்கொண்டிருக்க இதைப் பேசக்கூடாது. தனி அறையோ, வீட்டுத் திண்ணையோ, அவர் வழக்கமாக உட்காரும் இடமோ நல்லது. சொல்பவர் ஒருவராக இருக்கட்டும், அவருக்கு மிகவும் பிடித்த இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் அவர் அவர்களுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கிவிடுவார். முடிந்தவரை மருத்துவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கூட இருங்கள்.

பிறகு, "டாக்டர் இதுவரைக்கும் என்னம்மா சொல்லியிருக்காங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையில் பாதி தெரிந்துவிடும். அடுத்து, "ரிப்போர்ட்டுல வந்ததை உங்ககிட்ட விவரமா சொல்லட்டுமா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" சொல்லுங்கள் என்றால், ஓர் எச்சரிக்கையோடு தொடங்குங்கள்: "நாம நினைச்ச மாதிரி சாதாரணக் கட்டி இல்லம்மா." அங்கே நிறுத்துங்கள். பலர் அந்த இடத்திலேயே "அதுவா?" என்று கேட்டுவிடுவார்கள். "ஆமாம்மா" என்று ஒரே சொல்லில் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் நாம் துடிப்போம். "இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்று உடனே ஆரம்பித்துவிடுவோம். அவருக்கு அப்போது அது காதில் விழாது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை பொறுங்கள்; சிகிச்சை, செலவு, யார் கூட இருப்பது என்பதெல்லாம் அதன் பிறகு. மறுநாளும் இதே பேச்சு வரும், அதற்கு மறுநாளும் வரும். ஒரே உட்காரலில் முடிகிற பேச்சு இது என்று எண்ண வேண்டாம்.

"இன்னும் எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டால்?

நேர்மையான விடை பெரும்பாலும் "யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது" என்பதுதான். இதைச் சமாளிப்பாக நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சிகாகோவில் ஆயுளின் இறுதிக் கட்டத்தில் இருந்த 468 நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொன்ன காலக் கணிப்புகளில் 20 விழுக்காடு மட்டுமே ஏறத்தாழச் சரியாக இருந்தன. மொத்தத்தில் அவர்கள் உண்மைக் காலத்தைப் போல 5 மடங்குக்கும் மேல் கூட்டியே கணித்திருந்தார்கள். எனவே தேதி குறிக்காதீர்கள். ஆனால் மருத்துவர் "வருஷக்கணக்குல பேச முடியாது, மாசக்கணக்குலதான் பார்க்கணும்" என்று சொல்லியிருந்தால், அந்த அளவைக் கேட்கிறவருக்குச் சொல்லலாம். எதற்காகக் கேட்கிறார் என்பதையும் கேளுங்கள். பேத்தியின் கல்யாணத்தை முன்கூட்டி வைக்கலாமா என்பதே அவர் மனதில் இருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடாதா?

குணமாகும் என்ற ஒன்றை மட்டுமே நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால், போகலாம். வலி இல்லாமல் தூங்க வேண்டும், சொந்த வீட்டில் இருக்க வேண்டும், தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர வேண்டும் என்று நோயாளிகள் வைத்துக்கொள்ளும் நம்பிக்கைகள் பல. இவற்றில் பெரும்பாலானவற்றை நிறைவேற்ற முடியும், அவர் வாய்விட்டுச் சொன்னால். மறைக்கும் வீடுகளில், மருத்துவர்கள் கையை விரித்த பிறகும் ஊர் ஊராக அழைத்துச் சென்று, நகையை அடகு வைத்து, இன்னொரு சுற்று கீமோ ஏற்றுவதைப் பார்க்கிறேன். நிறுத்திவிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரிடம் பாஸ்டனில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் சராசரியாக 11.6 மாதங்களும், மற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். நிலைமையை வெளிப்படையாகப் பேசுவதும் அந்த ஆதரவு சிகிச்சையின் ஒரு பகுதி.

நோயாளி ஒரு குழந்தை. அப்போதும் சொல்ல வேண்டுமா?

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர், 1970களில் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து பார்த்தார். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நோயையும், தாங்கள் இறக்கப்போவதையும் அறிந்திருந்தார்கள். பெற்றோர் கலங்குவார்கள் என்பதால் அவர்கள் முன் பேசாமல் இருந்தார்கள். குழந்தையிடம் அதன் வயதுக்கேற்ற சொற்களில், ஊசி வலிக்குமா என்பதிலிருந்து தொடங்கி, கேட்டதற்கெல்லாம் பொய்யில்லாமல் பதில் சொல்லுங்கள். "வலிக்காது" என்று சொல்லிக் குத்தப்பட்ட ஒரே ஓர் ஊசி போதும், அந்தக் குழந்தை அடுத்த பல வாரங்களுக்கு யாரையும் நம்பாது. "நான் ஏதாவது தப்பு பண்ணினேனா?" என்ற பயம் பல குழந்தைகளுக்கு உள்ளுக்குள் இருக்கும்; அது கேட்காவிட்டாலும், இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

நினைவு மங்கிய பாட்டி, இறந்துபோன தாத்தாவை எங்கே என்று தினமும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்றே நான் சொல்வேன். மறதி நோய் முற்றியவர் ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தியைப் புதிதாகக் கேட்டுப் புதிதாகத் துடிக்கிறார். அதை வைத்து அவரால் எந்த முடிவும் எடுக்க இயலாது. அதற்காகக் கதை கட்டவும் தேவையில்லை. "தாத்தா ஞாபகம் வந்துடுச்சா பாட்டி? அவருக்கு உங்க கையால என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பேச்சு அவரைப் பற்றியே நடக்கும், பொய்யும் நுழையாது.

அக்கம்பக்கத்தாரும் உறவினரும் துருவிக் கேட்கிறார்கள். அவர்களிடமும் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

அவர்களுக்கு அதை அறியும் உரிமை இல்லை. யாருக்குச் சொல்லலாம் என்பதை நோயாளியிடமே கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். "சிகிச்சை நடக்குது, நல்லபடியா பார்த்துக்கிறாங்க" என்பதே போதுமான விடை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குத் தேர்வு முடியும்வரை அம்மாவின் நிலையைச் சொல்ல வேண்டாம் என்கிறார்கள்.

இந்த முடிவினால் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தேர்வை அடுத்த பருவத்தில் எழுதலாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை, வீடியோ அழைப்பில் அம்மாவைத் தலையணை வைத்து உட்காரவைத்துக் காட்டியதை நம்பியிருந்துவிட்டு, கடைசியில் விமான நிலையத்திலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு வருகிறான். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால், சொல்வதா என்பதை அவரே சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால், "தம்பி அப்புறம் வருத்தப்படுவான், நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்கம்மா" என்று இன்னொரு முறை கேளுங்கள்.

ஏற்கெனவே பொய் சொல்லிவிட்டோம். பல மாதங்களாகிவிட்டன. இப்போது எப்படி மாற்றுவது?

நீங்கள் நினைப்பதைவிட இது எளிது, ஏனென்றால் அவர் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்காகக் காத்திருப்பார். முதலில் வீட்டில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்லத் தொடங்கும்போது இன்னொருவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று குறுக்கிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பிறகு, முன்பு சொன்ன பொய்யை நியாயப்படுத்தாமல், நேரடியாகச் சொல்லுங்கள்: "அப்பா, உங்க உடம்பைப் பத்தி முன்னாடி நான் சொன்னது முழுசா உண்மை இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப நீங்க என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்றேன்." அவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது; எதிர்வாதம் செய்யாதீர்கள். அவர் எதுவும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கதவு திறந்திருக்கிறது என்பதை அவர் அறிந்துகொண்டார், அது போதும். மருத்துவ ஃபைலை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். வைத்தியப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அவரே கேட்டாலும் தர வேண்டியதுதான்.

இந்தப் பேச்சைத் தொடங்க எங்களுக்குத் துணிவில்லை. யாரிடம் உதவி கேட்கலாம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்; நோயாளியைக் கூட்டிச் செல்லும் முன்பு குடும்பத்தார் மட்டும் போய்ப் பேசவும் தடையில்லை. படுக்கையில் இருப்பவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சைக்காகச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம். அவர் வரும்போது, வீட்டில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். நோயாளியிடம் பொய் சொல்லும்படி மட்டும் அவரைக் கேட்காதீர்கள்.